லைசென்ஸ் துப்பாக்கிக்கு போட்ட பாலிஷ் சொதப்பிடுச்சா? முதலில் நம்பர் இருக்கானு பாருங்க!

அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி பக்கம் மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் விளையும் நேரத்தில் காட்டுப்பன்றித் தொல்லைதான் விவசாயிகளின் பெரிய கவலை. பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலரிடம் இருப்பது அப்பா, தாத்தா காலத்து ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல் துப்பாக்கி.

தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16-ம் தேதி நடத்தை விதி அமலுக்கு வந்தது, ஜூன் 4-ல்தான் வாக்கு எண்ணிக்கை. அந்த இரண்டரை மாதத்துக்கு மேல் எண்ணெய் படாமல் கிடந்தால் குழலில் துரு ஏறும். அதை எடுக்க கடையில் பாலிஷுக்குக் கொடுக்கிறோம். திரும்பி வரும்போது திட்டுத் திட்டாக இருந்தால் என்ன பண்ணலாம்?

கருப்பு நிறம் எப்படி வருகிறது?

துப்பாக்கிக் குழலில் இருக்கும் கருநீல நிறம் பெயின்ட் கிடையாது. இரும்பின் மேற்பரப்பையே ரசாயனம் மூலம் கருப்பு ஆக்சைடாக மாற்றுவார்கள். இதற்குப் பெயர் ‘புளூயிங்’. இது மிக மெல்லிய படலம். துருவை ஓரளவுக்குத்தான் தடுக்கும், மீதி வேலையை எண்ணெய்தான் பார்க்க வேண்டும். அதனால் ‘புளூயிங் போட்டும் துரு வருதே’ என்றால் எல்லா நேரமும் கடைக்காரர் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

எது அழகுக் குறை, எது ஆபத்து?

* நிறம் செம்மை அல்லது ஊதா அடிப்பது: இரும்பின் கலவை, கொதிநிலை மாறுபாட்டால் வரலாம். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் ஆபத்து இல்லை.
* சில நாளிலேயே மூட்டுகளில் துரு: ரசாயன உப்பைச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம். இது வேலையில் உள்ள குறை.
* துருக் குழிகள் அப்படியே இருப்பது: குழியை முழுசா எடுக்க இரும்பையே தேய்க்கணும். குழல் சுவர் மெலிந்தால் சுடும்போது ஆபத்து. பளபளப்பு குறைந்தாலும் பரவாயில்லை என்று விடுவதே நல்லது.
* இரட்டைக் குழலின் நடுப்பட்டை ஆடுவது: பழைய துப்பாக்கிகளில் இரண்டு குழலையும் ஈயப் பற்றவைப்பில் ஒட்டியிருப்பார்கள். கொதிக்கும் காரக் கரைசலில் முக்கும் புளூயிங் அந்த ஈயத்தை அரித்துவிடும். பட்டை ஆடினால் ஒரு தோட்டாகூட போடாதீர்கள்.

முக்கியமானது: நம்பர் தெரிகிறதா?

அதிகமாகத் தேய்த்தால் துப்பாக்கியில் பொறித்த நம்பரும் தயாரிப்பாளர் பெயரும் மங்கிவிடும். இங்கேதான் பணத்தை விட பெரிய சிக்கல் இருக்கிறது.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு, துப்பாக்கியின் அடையாளக் குறிகளை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. நம்பர் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்ததாக சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. அதாவது கடைக்காரர் தேய்த்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

நம்பர் மங்கியிருந்தால் லைசென்ஸ் நகல், கடை ரசீது, பழைய போட்டோக்களுடன் லைசென்ஸ் வழங்கிய கலெக்டர் அலுவலகத்துக்கும் உங்கள் காவல் நிலையத்துக்கும் உடனே எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். கையெழுத்து வாங்கிய நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ‘நாமளே மறுபடி பொறிச்சுக்கலாம்’ என்று இறங்கினால் அதுவும் குற்றம்தான்.

லேத் பட்டறையில் கொடுக்கலாமா?

கூடாது. துப்பாக்கி பழுதுபார்க்க 5-வது பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் பழுதுபார்த்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. மதுரை, கோவை மாதிரி நகரத்துக் கடைக்குப் போனாலும் அவர்களின் லைசென்ஸில் பழுதுபார்க்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களால் போக முடியாவிட்டால், நீங்கள் எழுதிக் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்துடன் இன்னொருவர் பழுதுபார்க்க எடுத்துப் போக 3-வது பிரிவு இடம் தருகிறது. வாய்வார்த்தை செல்லாது.

கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

1. நம்பர், குழல், கட்டை, மூட்டு எல்லாவற்றையும் தெளிவாகப் போட்டோ எடுங்கள்.
2. ரசீதில் துப்பாக்கி நம்பர், என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள்.
3. ‘நம்பரும் எழுத்தும் தேயக் கூடாது’ என்பதையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.
4. வாங்கும்போது கடையிலேயே வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைக்காரர் கைவிரித்தால்?

முதலில் குறைகளைப் பட்டியலிட்டு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மறுபடி செய்து தர வேண்டுமா, பணம் திரும்ப வேண்டுமா என்று தெளிவாகக் கேளுங்கள். அவசரப்பட்டு வேறு கடையில் தேய்க்கக் கொடுக்காதீர்கள், ஆதாரமே போய்விடும். லைசென்ஸ் உள்ள இன்னொரு பழுதுபார்ப்பவரிடம் காட்டி, என்ன குறை என்று எழுதி வாங்குவது நல்லது.

அப்புறமும் நடக்கவில்லையா? காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறைபாடு என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பொருந்தும்.

* 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.
* கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் போதும்.
* கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை.
* 2 ஆண்டுக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.

சரியாகிவிட்டால் பன்றியைச் சுடலாமா?

துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வனவிலங்கைச் சுடும் அனுமதி வேறு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த நடைமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைக்கூட வனத்துறை மூலம்தான் சுட முடியும். விவசாயி புகார் கொடுக்கலாம், தானே சுட முடியாது.

அடுத்த தேர்தலில் ஒப்படைக்கும் முன் குழலின் உள்ளேயும் வெளியேயும் லேசாக எண்ணெய் பூசுங்கள். ஈரத்தை உறிஞ்சும் துணி, தோல் உறையில் வைக்காதீர்கள். ஒப்படைப்பு ரசீதில் துப்பாக்கியின் நிலையையும் எழுதி வாங்குங்கள். துருவே ஏறாவிட்டால் பாலிஷுக்கே வேலை இருக்காது.