பருமலும் முன்பெருக்கியும்

ஆன்டெனா என்ற சொல் பூச்சியின் உணர்கொம்பிலிருந்து வானொலிக்கு வந்தது என்று மறுபடியும் ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பி 'அலைக்கொம்பு' என்று தமிழும் ஆக்கிவிட்டார். வரலாறு நேர்மாறானது. லத்தீனில் அன்டென்னா என்பது பாய்மரத்தின் குறுக்கே கிடந்து பாயைத் தாங்கும் மரம். அரிஸ்டாட்டில் பூச்சியின் உறுப்பைக் 'கெராயா' என்றார். கப்பலின் குறுக்குமரத்துக்கும் கிரேக்கத்தில் அதே பெயர். 15ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் நூலை லத்தீனாக்கிய தியோடோரஸ் காசா அந்த மரத்தின் பெயரையே பூச்சிக்கும் இட்டார். கப்பல் முந்தியது, பூச்சி பிந்தியது.

கெராயாவின் வேர்ச்சொல்லுக்குக் கொம்பு என்று பொருள் என்பது உண்மைதான். எழுத்தின் சிறு கோட்டையும் கெராயா குறிக்கும். கிரேக்க மத்தேயு 5:18இல் அப்படி வருகிறது. நம் எழுத்திலும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு உண்டே. அதனால் மட்டும் ஆன்டெனா கொம்பாகிவிடாது. மார்க்கோனியின் கூடாரக் கம்பத்திலிருந்து பெயர் வந்தது என்பாரும் உளர். இத்தாலியில் கம்பத்துக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா? பாய்மரத்துக்குக் கூம்பு என்று பெயர். புறநானூற்றின் 30ஆம் பாட்டிலும் மதுரைக்காஞ்சியிலும் காணலாம். குறுக்குமரத்துக்குப் பருமல். அரபு மாலுமிகளின் ஃபர்மன், சுவாஹிலியின் ஃபொரோமாலி எல்லாம் இதன் உறவுகளே. எது எதிலிருந்து வந்தது என்ற வழக்கு இங்கே வேண்டாம்; பொருள் ஒன்று.

1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபின் அதைப் பிடிக்கத் தூத்துக்குடி, இராமநாதபுரக் கரையோர மாடிகளில் நின்றது இந்தக் கூம்பும் பருமலும்தாம். செங்குத்தாக இரும்புக் குழாய். அதன் தலையில் கிடையாக அலுமினியக் குழாய்கள். ஜப்பானில் உடா வடிவமைத்து, யாகி ஆங்கிலத்தில் எழுதிப் பரப்பியதால் யாகி என்றே நின்றுவிட்ட வகை. ஒருவர் மாடியில் குழாயைத் திருப்புவார். "இன்னும் கொஞ்சம்... ஆ, போயிருச்சு, பழையபடி திருப்பு" என்று கீழே டிவிக்கு முன்னாலிருந்து குரல் வரும். பூச்சியின் கொம்பு தானே அசைந்து தேடும். இதைப் பாயைத் திருப்புவதுபோல ஆள்தான் திருப்ப வேண்டும்.

குறுக்குக் குழாயின் நீளம் அலையின் நீளத்துக்கு ஏற்றது. 200 மெகாஹெர்ட்ஸில் அரை அலை 75 செ.மீ. ஒரு அலைவரிசைக்கு வெட்டியதை வேறு அலைவரிசைக்கு வைத்தால் படம் மங்கும். குழாய்களைக் கூட்டி ஆன்டெனாவை இருமடங்கு நீளமாக்கினாலும் 3 டெசிபலுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அந்தச் செலவில் கம்பத்தை உயர்த்துவது பெரும்பாலும் மேல்.

பிறகு அலையைப் பெருக்கும் பூஸ்டர். இச்சொல் முட்டுக்கொடுத்துத் தள்ளுவதை மட்டும் சொல்கிறது. அதனால்தான் பலர் அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வயரில் இறங்கி வரும்போதே அலை தேய்ந்துவிடுகிறது. தேய்ந்ததைக் கீழே பெருக்கினால் இரைச்சல் புள்ளிகளும் சேர்ந்தே பெருகும். முதலில் நிற்கும் பெருக்கி எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறதோ, படத்தின் தரம் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே. ஆகவே அது ஆன்டெனாவை ஒட்டி மேலே இருக்க வேண்டும். மின்சாரத்தை அதே வயரிலேயே ஏற்றலாம். வாங்கும்போது எத்தனை மடங்கு பெருக்கும் என்பதைவிட எவ்வளவு குறைவாக இரையும் என்பதையே கேட்க வேண்டும். பக்கத்தில் வலுவான நிலையம் இருந்தால் மிகையாகப் பெருக்கும் கருவி அந்த அலையாலேயே திணறி, தூரத்து அலையையும் கெடுக்கும். 'முன்பெருக்கி' என்ற சொல்லில் இடமே அடங்கியிருக்கிறது: வயருக்கு முன். பூஸ்டரைவிட அதுவே நல்ல சொல்.

ஆன்டெனாவுக்கு அலைவாங்கி என்றாலும் குற்றமில்லை, தொழிலைச் சொல்கிறது. அலைக்கொம்பை மட்டும் ஏற்க இயலாது. தூத்துக்குடித் தோணிக்காரர் வாயில் வழங்கிய பருமலே இதற்கு உரிய பெயர் என்பதில் எனக்கு ஐயமில்லை.