தாழிக்காடும் தில்முன் மேடுகளும்

ஆதம் (அலை) அவர்களின் மைந்தர் இருவருள் ஒருவன் மற்றவனைக் கொன்றபின், உடலை என்செய்வதெனத் திகைத்தபோது, காகம் ஒன்று மண்ணைக் கிளறி வழி காட்டியதாகத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. இறந்தோரை மண்ணிடம் ஒப்படைக்கும் வழக்கம் அத்துணைத் தொன்மையானது.

ஸியாரத்திற்காக ஏர்வாடிக்கு வருவோர் அடக்கத்தலத்தின் கண்ணியத்தை அறிந்தவர்கள். அவ்வூருக்குத் தென்மேற்கே, தாமிரபரணிக் கரையில், பெயரறியா மாந்தர் துயிலும் செம்மண் மேடொன்று 114 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ளது. அதுவே ஆதிச்சநல்லூர். அங்கு இறந்தவரின் உடலையோ, தசை நீங்கியபின் திரட்டிய எலும்புகளையோ பெரிய மட்கலத்துள் இட்டு, உணவும் இரும்புக் கருவிகளும் உடன்வைத்துப் புதைத்தனர். இம்மட்கலமே முதுமக்கள் தாழி. கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவரை வேண்டும் பாடல் புறநானூற்றில் உண்டு. அருகிலுள்ள சிவகளையில், தாழியொன்றுள் கிடைத்த நெல் கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்னும் ஆய்வு முடிவைத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது.

பிழைப்புக்காக வளைகுடா சென்ற நம்மவர் பஹ்ரைனில் காணும் மண்மேடுகளும் ஈமச் சின்னங்களே. தில்முன் நாகரிக மக்கள் கி.மு. 2200 முதல் 1750 வரை, கல்லறை கட்டி அதன்மேல் மண் குவித்தனர். குடியிருப்புகள் பெருகியபோது பல மேடுகள் அழிந்தன. எஞ்சியவற்றுள் 11,774 மேடுகள் 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இஸ்லாத்திற்கு முந்தியோரின் அடக்கத்தலங்களை ஒரு முஸ்லிம் நாடு காத்து நிற்பது நமக்குப் படிப்பினையாகும்.

ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. பொருள் இடம்பெயர்ந்தாலும் எங்கோ எஞ்சியிருக்கும். ஆனால் எந்த எலும்பருகே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்னும் செய்தி பதிவாகாமற் போனால் மீளாது. மண்ணுக்காக மேட்டை வெட்டுவோர் அழிப்பது அச்செய்தியையே.

தக்க காரணமின்றிக் கப்ரைத் தோண்டலாகாது என்பது ஃபிக்ஹின் விதி. அந்தக் கண்ணியம் நம்மவருக்கு மட்டுமா? யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் ஆன்மாவன்றோ என்று வினவினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. எனவே கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ தாழி தென்பட்டால், அதை உடைக்காது தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. அகழும் ஆய்வாளரும் அதை வெறும் பொருளாகக் கொள்ளாது, ஒரு மனிதரின் அடக்கத்தலமாகவே கருதிக் கைவைக்க வேண்டும்.