அலெக்சாந்திரியா நகர உயர்நிலைப் பள்ளி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில், பொட்டோமாக் ஆற்றை ஒட்டிய அலெக்சாந்திரியாவில் உள்ள அரசுப் பள்ளி. மாநிலத்தின் மிகப் பெரிய பள்ளிகளுள் ஒன்று. நகரின் ஒரே அரசு உயர்நிலைப் பள்ளியும் இதுவே. 1965இல் திறக்கப்பட்டது முதல் 2021 வரை டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளி என்றே வழங்கியது. இதன் விளையாட்டு அணிகளுக்கு ‘டைட்டன்ஸ்’ என்று பெயர்.

தாமஸ் சேம்ப்ளிஸ் வில்லியம்ஸ் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக ஏறத்தாழ 30 ஆண்டுகள் இருந்தவர். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் அதை விடாமல் கட்டிக் காத்தார். தன் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கோரி வழக்கில் சேர்ந்த புளோயிஸ் ஹண்ட்லி என்ற பள்ளிச் சமையல்காரரை 1958இல் வேலையிலிருந்து நீக்கினார். மறு ஆண்டு பிப்ரவரியில் நீதிமன்ற ஆணையுடன் கருப்பின மாணவர் 9 பேர் வெள்ளையர் பள்ளிகளில் நுழைந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு புதிய பள்ளிக்கு வில்லியம்ஸின் பெயரையே சூட்டினார்கள்.

கருப்பின மாணவர்களுக்கென இருந்த பார்க்கர்-கிரே பள்ளிக்கும் தனி விளையாட்டு மரபு உண்டு. 1950 அக்டோபர் 31 அன்று என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் களமிறங்கிய முதல் கருப்பின வீரரான ஏர்ல் லாயிட் அங்கே படித்தவர். பள்ளிகளை ஒன்றிணைத்தபோது பார்க்கர்-கிரே உயர்நிலைப் பள்ளி என்ற நிலையை இழந்தது. அதன் பெயர் இன்று டைட்டன்ஸ் ஆடும் திடலுக்கு நிற்கிறது.

1971இல் நகரின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளும் மாற்றியமைக்கப்பட்டன. 11, 12ஆம் வகுப்பு மாணவர் அனைவரும் டி. சி. வில்லியம்ஸுக்கு வந்தார்கள், அதுவரை ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் ஒரே அணியானார்கள். பிரான்சிஸ் ஹேமண்ட் பள்ளியில் பெயர் பெற்ற வெள்ளையரான பில் யோஸ்ட் இருக்க, தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு கருப்பினத்தவரான ஹெர்மன் பூனிடம் தரப்பட்டது. யோஸ்ட் உதவிப் பயிற்சியாளராக உடன் நின்றார். அவ்வாண்டு அணி பெற்ற வெற்றிக்கு இது பெரிய காரணம் என்றே சொல்ல வேண்டும். கெட்டிஸ்பர்க்கில் பயிற்சி முகாம் முடித்துத் திரும்பிய அணி 13 ஆட்டங்களையும் வென்றது. ரோனோக்கில் நடந்த மாநில இறுதியாட்டத்தில் ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியை 27–0 என வீழ்த்தியது.

டென்சல் வாஷிங்டன் பூனாக நடித்த ‘ரிமெம்பர் தி டைட்டன்ஸ்’ (2000) இந்தக் கதையை உலகெங்கும் கொண்டு சென்றது. ஆனால் படத்தையே வரலாறாகக் கொள்ளக் கூடாது. இறுதியாட்டத்தில் கடைசி நொடிவரை இழுபறி என்று படம் காட்டுகிறது. நடந்தது ஒருதலைப்பட்சமான வெற்றி. கடும் போட்டி தந்தது மார்ஷல் பள்ளி, அதுவும் பருவத்தின் நடுவில். அணித் தலைவர் ஜெரி பெர்டியர் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்ததும் பருவம் முழுதும் முடிந்த பிறகு, டிசம்பரில். பின்னர் சக்கர நாற்காலி விளையாட்டுகளில் பதக்கம் வென்ற அவர், 1981இல் இன்னொரு விபத்தில் இறந்தார். பள்ளியின் உள்விளையாட்டரங்கம் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. படம் பேசாத பெரிய செய்தி ஒன்று உண்டு: பள்ளியின் பெயர் யாருடையது என்பது. ஹண்ட்லியின் கதையைக் கேட்டவர்களைவிட டைட்டன்ஸ் கதையைக் கேட்டவர்கள் பல மடங்கு.

கால்பந்துக்கு அப்பால், பொட்டோமாக்கில் பயிற்சி பெறும் துடுப்புப் படகு அணியும் பள்ளியின் பெருமை. தடகளத்தில் தலைசிறந்தவர் நோவா லைல்ஸ். 2016இல் இங்கே படிப்பை முடித்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தை 9.79 வினாடிகளில் கடந்து, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்றார்.

பெயரை மாற்றக் கோரும் குரல் பல ஆண்டுகளாகவே இருந்தது. 2020 நவம்பரில் பள்ளி வாரியம் ஒருமனதாக அதை ஏற்றது. 2021 ஜூலை 1 முதல் இன்றைய பெயர் நடைமுறைக்கு வந்தது. அணிகளின் ‘டைட்டன்ஸ்’ பெயர் மட்டும் மாறவில்லை.