சென்னைப் புறம்போக்குப் பாடல்

சென்னைப் புறம்போக்குப் பாடல் என்பது கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா பாடி, 2017 பொங்கலன்று காணொளியாக இணையத்தில் வெளியான தனிப்பாடல் ஆகும். சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனின் முன்னெடுப்பில் உருவான இதற்குப் பாடலாசிரியர் கபேர் வாசுகி வரிகள் எழுதினார். காணொளியை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத்.

பாடலின் களம் எண்ணூர்க் கழிமுகம். கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் இவ்விடத்தை ஒட்டியே காத்திவாக்கம் உள்ளது. 2011 வரை தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் பின்னர் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் போன்ற மீனவர் ஊர்கள் கழிமுகத்தின் இறாலையும் நண்டையும் நம்பியவை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடானதும், சதுப்பு நிலம் மண்ணிட்டு நிரப்பப்பட்டதும் முதலில் தாக்கியது இவர்களின் வலையைத்தான்.

வருவாய்த்துறைப் பதிவேட்டில் புறம்போக்கு என்பது வரி விதிப்புக்கு வெளியே நிற்கும் பொது நிலம். மேய்க்கால், ஓடை, ஏரி, சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லோருக்கும் பயன்பட்ட நிலம் அது. பேச்சுவழக்கில் அதே சொல் வசைச்சொல்லாகிவிட்டது. மனிதரைத் திட்ட ஒரு நிலவகையின் பெயரே போதுமானதாக இருந்தால், அந்த நிலத்துக்கு என்ன மதிப்பு மிஞ்சும்? பாடல் இந்தச் சொல்லை மீட்டெடுக்க முயன்றது. நீர்நிலைகளின் மேல் கட்டடம் எழுப்பியதையும் 2015 வெள்ளத்தையும் ஒரே தொடரில் வைத்துக் காட்டியது.

இசையிலும் ஒரு மீறல் இருந்தது. ஆனந்தபைரவி, பேகடா முதலிய ராகங்கள் கோத்த ராகமாலிகையில், சபாக்களில் கேட்காத சென்னைத் தெருத்தமிழ் அமர்ந்தது. ராகங்களின் இலக்கணம் கெடவில்லை, சொற்களும் மெருகேற்றப்படவில்லை. மேடைக்குப் பதிலாகக் கழிமுகமும் புகைபோக்கிகளும் பின்னணியாயின. 2016இல் மகசேசே விருது பெற்றிருந்த கிருஷ்ணா, அதற்கு முன்பே ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலைவிழா நடத்துவதில் பங்கேற்றவர். எனவே இது திடீர்த் திருப்பம் அல்ல.

பாடல் வெளியாகி இரண்டு வாரங்களில், சனவரி 28 அன்று, காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரை ஒதுங்கிய எண்ணெய்க் குழம்பை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளில் அள்ளினர். 1970களில் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் அதே ஆண்டு மார்ச்சில் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் தொடர்ந்து இயங்குகிறது.