உத்தரவாதம் யார் கடமை?

மடிக்கணினிக்கு ஓராண்டு உத்தரவாதம் உண்டு. மேற்கொண்டு இரண்டாண்டுக்குத் தனிப்பணம் கேட்கிறார்கள். பழைய சட்டங்களில் உத்தரவாதம் விலைக்குள்ளேயே அடக்கம். பண்டைய ரோமாபுரிச் சந்தையில் மாடு விற்றவர் அதன் நோயை முன்னதாகச் சொல்லியாக வேண்டும். அதன் வழிவந்ததே 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641ஆம் பிரிவு: மறைந்திருந்த குறைக்கு விற்றவரே பொறுப்பு. பிரெஞ்சு ஆட்சியில் நம் புதுச்சேரியிலும் அதுவே சட்டம். இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும், 1986இல் வந்து 2019இல் புதிதாக எழுதப்பட்ட நுகர்வோர் சட்டமும் வாங்குபவர் பக்கம்தான்.

ஆனால் சட்டம் பார்ப்பது விற்கும்போதே இருந்த குறையை. நாள்பட்ட தேய்மானத்தை அல்ல. நீட்டிப்பு பின்னாளில் வரும் பழுதுக்குத்தான். கடையில் நிபந்தனைத் தாளை வாங்கிப் படித்தேன். பேட்டரி சேராது, கீழே விழுந்து உடைந்தாலும் சேராது. எழுபது தாண்டிய கைக்குப் பயமே விழுவதுதான்! வேண்டாமென்றேன். அந்தத் தொகை தபால் நிலையச் சேமிப்பில் இருக்கிறது. பழுது வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.