கறவையும் கருணையும்

பசுவைப் புகழ்வதில் நம்மவரை விஞ்சியவர் இலர். ஆயின் புகழ் வேறு, பராமரிப்பு வேறு. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் தீட்டி மாலை சூட்டும் கையே, மறுநாள் கன்றுக்குரிய பாலையும் ஒட்டக் கறந்து விற்குமாயின், அப்பூசையால் பசு அடைந்த பயன் யாது? பால்காரர் கறவைகளை நடத்திய வகையைச் சரித்திரத்தில் ஆராய்வோமாயின், அன்பும் கொடுமையும் வரவுசெலவுக் கணக்கை ஒட்டியே மாறி வந்திருத்தல் புலப்படும்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் ஓர் ஏற்பாடு காணப்படுகிறது. ஒரு விளக்கு நாள்தோறும் எரிவதற்கு 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாறு விடப்பட்ட மந்தைக்குச் 'சாவா மூவா' என்று அடைமொழியும் வழங்கிற்று. மூத்ததும் இறந்ததும் போக, பிறந்த குட்டிகளாலும் கன்றுகளாலும் தொகை குறையாமல் காக்கப்பட வேண்டும் என்பதே அதன் கருத்து. கன்று பிழைத்தால்தான் இடையர் குடும்பமும் பிழைக்கும். அங்கே கருணையும் இலாபமும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டிருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தா போன்ற பெருநகரங்கள் வளர்ந்தபோது அந்த நுகம் முறிந்தது. நகரத்துக் கொட்டிலுக்கு மேய்ச்சல் நிலம் ஏது? வைக்கோலும் பிண்ணாக்கும் விலைக்கு வாங்க வேண்டும். கன்று குடிக்கும் ஒவ்வொரு படிப் பாலும் பால்காரருக்கு நஷ்டமாகத் தோன்றிற்று. கன்று பட்டினியால் மடிந்தது. மாடு வற்றிய பின், அடுத்த ஈற்றுவரை தீனி போடுவதைவிடக் கசாப்புக்கு விற்றுப் புதிய மாடு வாங்குவதே மலிவாயிற்று.

ஆனால் இயற்கை அத்துணை எளிதில் ஏமாறவில்லை. நம் நாட்டுப் பசுவும் எருமையும் கன்று முட்டினாலன்றிப் பாலை எளிதில் இறக்குவதில்லை. இறந்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின் முன் நிறுத்துவது பழைய உபாயம். அதனினும் கொடியது 'பூக்கா'. ஊதுதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லின் வழிவந்தது இப்பெயர். பசுவின் பிறப்புறுப்பினுள் குழாயைச் செலுத்திக் காற்றை ஊதி, அது துடிக்கும் வேளையில் பாலைக் கறப்பர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ், சிதியர் தம் குதிரைகளை எலும்புக் குழாயால் ஊதிக் கறந்ததை எழுதியிருக்கிறார். கொடுமைக்கும் பழமை உண்டு. பழமையென்பதால் அது நியாயமாகிவிடாது.

இந்தியாவில் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் பூக்காவைக் குற்றமாக்கிற்று. 1938-ல் தண்டனை கடுமையாக்கப்பட்டது. இக்கொடுமைகளைப் பற்றிப் படித்தே காந்தியடிகள் 1912-ல் பால் அருந்துவதை விட்டார். பின்னர் கடும் நோயுற்ற காலத்தில் கஸ்தூரிபாயின் வேண்டுகோளால் ஆட்டுப்பாலுக்கு மட்டும் இசைந்தார். ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் மாநிலங்கள் அவையில் கொணர்ந்த மசோதாவே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழி திறந்தது. அச்சட்டப்படி பூக்கா செய்வோருக்கு 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பசு ஏன் பாலை அடக்குகிறது? 1941-ல் அமெரிக்காவில் எலி, பீட்டர்சன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் இதற்கு விடை கூறினர். கன்றின் வாயோ கறப்பவர் கையோ மடியில் பட்டதும் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்னும் நீர் இரத்தத்தில் கலந்து பாலை இறக்குகிறது. அச்சமுற்ற பசுவின் உடலில் அட்ரினலின் பெருகி அதனைத் தடுக்கிறது. காகிதப் பைகளை வெடித்து மிரட்டிய மாட்டில் பால் குன்றியதை அவர்கள் கண்டனர். ஆகவே அடியும் அதட்டலும் பாவம் மட்டுமல்ல, நஷ்டமுமாம்.

அறிவு வளர்ந்தும் பேராசை ஓயவில்லை. செயற்கையாகச் செய்த ஆக்ஸிடோசின் மலிவானதும், குழாய் இருந்த இடத்தில் ஊசி புகுந்தது. 2018-ல் இந்திய அரசாங்கம் அம்மருந்தைத் தனியார் செய்வதற்குத் தடை விதித்தது. பிரசவத்தில் தாய்மாரின் உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தும் அதுவேயாதலால், டில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டே அத்தடையை நீக்கிற்று. மருந்தின்மேல் குற்றமில்லை, பிடிக்கும் கையின்மேலேதான்.

இச்சரித்திரம் நமக்கு அந்நியமன்று. சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையின் எருமைச் சாலையும் கண்டாங் கெர்பாவும் இன்றும் அங்கிருந்த கொட்டில்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. மலாயாத் தோட்டங்களில் லயத்தின் பின்னே கட்டிய ஒரு பசு, எத்தனையோ தொழிலாளர் குடும்பங்களுக்குப் பாலும் பள்ளிச் செலவும் தந்தது. மலேசியாவில் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் உண்டு. எனினும் சட்டம் ஒவ்வொரு தொழுவத்தையும் எட்டிப் பார்க்க இயலாது.

கன்றுக்கு முதற்பால், மாட்டுக்கு நிழலும் வேண்டிய மட்டும் தண்ணீரும், குறித்த வேளையில் அமைதியான கறவை. இவை செல்வரின் ஆடம்பரமல்ல, ஏழையின் முதல். கன்றுக்கு விடும் பாலே நாளைய பசுவாகி நம் வாசலில் நிற்கும். மாலை சூட்ட மறந்தாலும் குற்றமில்லை, கன்றை மறவாதிருப்போமாக.