செவிக்கு விதித்த வரி

வத்தல்மலைக்கு மிக அருகிலுள்ள விமான நிலையம் சேலத்தினுடையது. 2018 மார்ச்சில் அங்கிருந்து சென்னைக்குச் சேவை மீண்டும் தொடங்கியபோது வந்திறங்கியது ஏ.டி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம். சிறு நகரங்களுக்கு வான்வழியைத் திறந்துவிடுவது பெரும்பாலும் இவ்வகை விமானங்களே. அதற்காக நம் செவி செலுத்தும் வரிக்கும் ஒரு வரலாறு உண்டு.

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொணர்ந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியே சென்னையில் சேர்த்தார். அந்தப் 'புஸ் மாத்' விமானத்தில் எஞ்சினும் விசிறியும் விமானியின் முகத்துக்கு நேர்முன்னே இருந்தன. பிஸ்டன்களின் அதிர்வு, புகைபோக்கியின் வெடியொலி, விசிறியின் இரைச்சல் யாவும் ஒருங்கே அவர் மேல் விழுந்தன.

1957இல் இந்தியன் ஏர்லைன்ஸ் 'வைகவுண்ட்' விமானங்களைக் கொணர்ந்தது. டர்போபிராப் எஞ்சினில் முன்னும் பின்னும் பாயும் பிஸ்டன்கள் இல்லை. ஆகவே அதிர்வு பெரிதும் தணிந்தது. விசிறியின் ஓசையோ தங்கிவிட்டது.

காரணம் எளியது. ஒவ்வோர் இதழும் விமான உடலைக் கடக்கையில் காற்றழுத்தத்தால் அதன் பக்கச் சுவரை அறைகிறது. ஆறு இதழ்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை சுழன்றால் நொடிக்கு நூறு அறைகள். மெல்லிய உலோகச் சுவர் பறையின் தோலாகிறது. அடர்த்தியற்ற பஞ்சுப் பொதிவு கூரிய ஒலியை விழுங்கும். இந்தத் தாழ்ந்த முழக்கத்தை எளிதில் விழுங்காது. இரு விசிறிகளின் வேகம் சற்றே பிசகினால் ஒலி அலையலையாய் ஏறி இறங்கும். வால்பக்கம் அமர்ந்தோர் ஓரளவு தப்பிக்கின்றனர்.

இந்த இடையூறைக் குறைக்கும் வழியொன்று நம் அண்டை நகரான பெங்களூரில் உருப்பெற்றது. தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த 'சரஸ்' 2004 மே 29 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் விசிறிகள் வாலருகே பின்னோக்கி அமைந்தவை. பயணியர் அறைக்கு அப்பால் இரைச்சல் போய்விடும். ஆனால் பின்விசிறி, தாங்குசிறகு கலைத்த காற்றையும் எஞ்சினின் வெப்பக் காற்றையும் வெட்டவேண்டும்; அதனால் அதன் சொந்த ஓசை கூடும். 2009 மார்ச் 6 அன்று சோதனைப் பறப்பில், நிறுத்திய எஞ்சினை மீண்டும் இயக்க முயன்றபோது, பிடதி அருகே ஒரு சரஸ் வீழ்ந்து மூவர் மாண்டனர். 2018 ஜனவரியில் திருத்தப்பட்ட சரஸ் மீண்டும் வானேறியது.

ஓசையை அழித்துவிட இயலவில்லை. இடம் மாற்றவே இயன்றிருக்கிறது. அந்த இடமாற்றத்துக்கான உழைப்பில் உயிர்களும் அடங்கும் என்பதை நாம் மறவாதிருப்போம்.